ஈரம் காயாத பசை

காலை ஒன்பது இருபதுக்கு மைரம் வந்தாள். அந்த வாரத்தின் பன்னிரண்டாவது தலைவலி. கனிஷாய் நோட்டில் எண் போட்டபடியே அவளை உட்காரச் சொன்னாள்.

மலைமேலிருந்த அந்த ஊரில் டாக்டர் கிடையாது. கனிஷாய் இருந்தாள். மூன்றரை வருடப் படிப்பு, இருபத்தாறு வருட வேலை, ஓர் அறை, ஓர் அலமாரி மருந்து. மாவட்ட ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம்.

"வாந்தி?"

"விடியக்காலையில ரெண்டு தடவை, அக்கா. அவருக்கும்தான். தலையத் தூக்க முடியலன்னு படுத்திருக்கார்."

"உன் புருஷன் தோலோத்தா? ஆம்பிளைங்களுக்குச் சளி புடிச்சாலே சாவுதான்."

மைரம் சிரித்தாள். "நடந்து வர்றப்போ எனக்குத் தேவலாம்னு ஆயிடுச்சு. திரும்பிப் போயிடலாமான்னுகூட நினைச்சேன்."

"பையன்?"

"தொட்டில்ல. நாப்பது நாள் ஆகாம எப்படி வெளிய தூக்கறது? நல்ல பிள்ளைக்கா. ராத்திரி பூரா தூங்கறான். பாலுக்குக்கூட அழல."

"குடுத்து வச்சவ."

வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி நான்கு. எழுதிக்கொண்டாள். மேலே இருந்த பதினோரு வரிகளில் எழுதியதையே அதற்குப் பக்கத்திலும் எழுதினாள்: குளிர்காலக் காய்ச்சல். மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

"வீட்டைச் சூடா வச்சுக்க. ஜன்னல் இடுக்குல காத்து வந்தா காகிதம் ஒட்டிடு. பையனுக்குக் குளிர் படக்கூடாது."

"சரிக்கா."

பத்தேகாலுக்கு ஷெய்ஷென் வந்தார். மைரத்தின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர். வாரம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வருவார். சட்டைக் கையைச் சுருட்டும்போதே சண்டையைத் தொடங்கிவிடுவார்.

"உன் மிஷின் பொய் சொல்லுது. போன வாரம் நூத்தெண்பதுன்னுச்சு. பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"பேசாதீங்க. பேசினா ஏறும்."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்துச்சா? அந்தத் தோலோத் இருக்கானே, சரியான கஞ்சப்பய. கரிச்சூட்டைக்கூட வெளிய விடமாட்டான். விடியக்காலையில பார்க்கறேன், அடுப்பு எரியுது, புகைபோக்கியில புகையே இல்ல. இப்பவும் அந்தப் பொண்ணு ஒரு வாளி கரி அள்ளிட்டு உள்ள போச்சு. அஞ்சு நிமிஷம் புகை வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு."

கனிஷாயின் விரல்கள் காற்றடிக்கும் ரப்பர் குமிழில் நின்றன.

புகைபோக்கியின் கழுத்தில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். கரி முழுக்கச் சாம்பலான பிறகுதான் அதை மூட வேண்டும்; இல்லாவிட்டால் மணமில்லாத விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். குளிர் முற்றினால் எல்லோரும் சற்று முன்பே மூடுவார்கள். பச்சைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் முன்பே.

நோட்டை இழுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி நான்கு. காய்ச்சலே இல்லை. மற்ற பதினோரு பேருக்கும் இருந்தது. எண் அவள் கையெழுத்தில்தான் இருந்தது.

நடந்து வர்றப்போ தேவலாம்னு ஆயிடுச்சு.

பாலுக்குக்கூட அழல.

"என்ன, ரொம்ப ஏறிடுச்சா?" என்றார் ஷெய்ஷென்.

அவள் மைரத்தின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்து நின்றது. மாவட்டத்துக்குப் பேசினாள். கணவாயில் பனி, இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அலமாரியின் அடித்தட்டில் பிராணவாயு அடைத்த ரப்பர் தலையணை இருந்தது. ஒன்றுதான். வீட்டில் மூன்று பேர்.

"மாமா, ஓட முடியுமா?"

"நூத்தெண்பதோடயா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். கையில் கட்டிய பட்டை அப்படியே தொங்கியது.

தெரு முழுக்கக் கெட்டியான பனி. இரண்டு இடத்தில் விழுந்தாள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். ஒரு வீட்டு வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் என்னவென்று கேட்டாள். கனிஷாய் நிற்கவில்லை. மைரம் கிளம்பி நாற்பது நிமிடம், என்று எண்ணினாள். வழியில் பத்து போனால் முப்பது. கைப்பிடியளவே உள்ள குழந்தைக்கு முப்பது நிமிடம் எவ்வளவு என்று படித்திருந்தாள். நினைவுக்கு வரவில்லை. வராமலிருப்பதே நல்லது என்று தோன்றியது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குளிர் புகாமலிருக்க உட்புறம் கம்பளியும் தொங்கவிட்டிருப்பார்கள். கதவைத் தட்டிய ஓசை கம்பளியிலேயே அமுங்கியது. ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. கையால் துடைத்தாள். ஈரம் உள்பக்கம். சட்டத்தைச் சுற்றி வெள்ளைக் காகிதப் பட்டைகள் தெரிந்தன. புதிதாக ஒட்டியவை. மைதாப் பசை இன்னும் காயவில்லை. மூன்று பக்கம் ஒட்டி முடிந்திருந்தது. நாலாவது பட்டை பாதியில் தொங்கியது.

ஷெய்ஷென் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவி நீட்டினார்.

பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் அடுப்பருகே நின்று உடம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டில் பக்கம் போக வேண்டும். இருபத்தாறு வருடமாக அவள் அதைத் தவறவிட்டதில்லை.

கண்ணாடியை உடைத்தாள்.

சூடு முகத்தில் அடித்தது. புகை இல்லை. எந்த மணமும் இல்லை. பசைக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அதற்கப்பால் தொட்டிலின் கால். அதைப் பற்றியபடி ஒரு கை.

"மைரம்! பையனக் கிள்ளு. அழ வை அவனை. கேக்குதா, மைரம்?"