பளபளத்த தந்திக் கருவி

கனகத்தின் வலது மணிக்கட்டு வீங்கி வளையல் ஏறவில்லை. பிள்ளைப்பாக்கம் காயலான் கடையில் பன்னிரண்டு வருஷம் சுத்தியல் பிடித்த கை. மோட்டாரை உடைத்துச் செம்பு எடுப்பாள், குழாயை உடைத்துப் பித்தளை எடுப்பாள். ஒரு மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஒரு மாதம் உட்கார்ந்தால் சோறு?

அந்த மாதச் சோறு குப்பையோடு வந்து விழுந்தது. வாலாஜாபாத்தில் இடித்த பங்களாச் சாமானுக்குள் ஒரு தந்திக் கருவி. மரப்பலகை மேல் பித்தளைக் கை, நுனியில் கறுப்புக் குமிழ். அதைத் தட்டித்தான் ஒரு காலத்தில் தந்தி அனுப்பினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பேங்க் வேலையிலிருந்து ரிட்டையரான பராங்குசம் அதுமாதிரி நாற்பது சேர்த்து வைத்திருந்தார். காயலான் கடைகளில் எல்லாம் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். கனகம் போட்டோ அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. "லண்டன் கம்பெனி பேர் பொறிச்சிருக்கு. ரெண்டாயிரம் அட்வான்ஸ் அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை எடுத்துண்டு வா, இன்னும் பத்தாயிரம் தரேன்."

கடை முதலாளி எடைக்கு அறுநூறு பிடித்துக்கொண்டார். மீதி எக்ஸ்ரேவுக்கும் மாத்திரைக்கும் போயிற்று.

காயலான் கடையில் கறுத்த பித்தளைக்கு ஒரு ரேட், சுத்தமானதற்கு ஒரு ரேட். கனகம் கற்ற தொழில் அது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கருவியைப் பலகையிலிருந்து கழற்றினாள். புளி, செங்கல் பொடி, கம்பி பிரஷ். கை நெருப்பாய் எரிந்தது.

கூட வேலை செய்யும் அமலா சிரித்தாள். "இன்னாடி, மாப்ள வூட்டுக்குச் சீர் எடுத்துகினு போறியா?"

"பத்தாயிரம் குடுக்குறாருடி. கறுப்பா நீட்டுனா மரியாதையா?"

ஞாயிற்றுக்கிழமை அதைப் பலகையில் திரும்பப் பொருத்தி, துணியில் சுற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பராங்குசம் துணியைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து எங்கே?"

"அழுக்கு நெறைய இருந்துச்சு சார். மூணு மணி நேரம் தேச்சேன்."

"பேரும் போச்சு, பழசுங்கற அடையாளமும் போச்சு. முட்டாள்! பத்து ரூபா தேறாது இது."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"மாடு வாங்கறவன் தோலை உரிக்காதேன்னு சொல்லிண்டிருப்பானா?"

"அப்ப குடுங்க சார், எடைக்காவது போடுறேன்."

"என் ரெண்டாயிரத்தை வெச்சுட்டு எடுத்துண்டு போ."

அவளிடம் பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது.

அவர் மனைவி சத்யபாமா கருவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏன்னா, இவ நன்னாத் தேய்க்கறாளே. நம்மாத்துப் பித்தளை பூராக் கறுத்துக் கிடக்கு. வாராவாரம் வந்து தேய்க்கட்டும், வெள்ளிக்கிழமைக்கு நூறுன்னு ரெண்டாயிரத்துல கழிச்சுப்போம்."

"கை முடியலம்மா."

"இதைத் தேய்க்கறச்சே முடிஞ்சுதே?"

அப்புறம் நாலு வெள்ளிக்கிழமை போனாள். கொல்லையில் அண்டா, தவலை, குத்துவிளக்கு. மூன்றாம் வாரம் ஹாலில் யாரோ விருந்தாளி. பராங்குசத்தின் குரல் கொல்லை வரை கேட்டது.

"நாப்பத்தொண்ணாவது இது. பேர் அழிஞ்சிருக்கு, ஆனா அபூர்வம். இந்த மாடல் இந்தியாவிலேயே நாலு பேர்கிட்ட இருந்தா ஜாஸ்தி."

கண்ணாடி அலமாரியில், பழைய பலகை மேலேயே, முன்வரிசையில் அது மின்னியது. கனகம் தவலையைக் கவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். சத்யபாமா கதவைச் சாத்தினாள்.

நாலாம் வாரம் விரல் மடங்கவில்லை. பாதிப் பாத்திரத்தோடு எழுந்துவிட்டாள். அந்த வாரத்தைச் சத்யபாமா கணக்கில் சேர்க்கவில்லை.

முந்நூறு கழிந்தது. இன்னும் பதினேழு வெள்ளிக்கிழமை பாக்கி.