கூத்து முடியும் வரைக்கும்

பஸ்ரியன் மாமா சாகப்போகிறார் என்பது வங்காலையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். எந்த நாள் என்பதுதான் தெரியாது. எங்கள் கூத்துக் குழுவுக்கு அந்த நாள்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது.

ஓகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் ஒரு மைதானத்தில் இசை விழா. கொழும்பு றொக் பாண்ட், கண்டி மேளகாரர், பைலாக்காரர், தோட்டத்துத் தப்புக் குழு, சாக்ஸபோன் ஊதுகிற ஒரு வெள்ளைக்காரர், இவர்களுக்கு நடுவில் எங்கள் மன்னார்க் கூத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். சண்டை முடிந்து ஆறேழு வருஷம் ஆகியும் எங்கள் குழு ஆகத் தூரமாகப் போய் ஆடியது மன்னார் டவுன் உப்புக்குளம்தான். அங்கேயும் பாதியில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போன பிறகுதான் கூத்து நன்றாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

சிக்கல் இதுதான். வங்காலையில் ஒருவர் செத்தால் ஊரில் பாதிப்பேர் அழவேண்டியவர்கள், மிச்சப்பேர் சமைக்கவேண்டியவர்கள். கோயிலில் துக்கமணி அடித்துவிட்டால் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை உரித்துக்காரர் கூத்துப் பக்கம் தலைவைக்க முடியாது. எங்கள் கூத்தில் அரசன் பஸ்ரியன் மாமாவின் மருமகன். மந்திரி அவருடைய தங்கச்சியின் மகன். மத்தளம் அவருடைய மூத்த மகன் பெனடிக்ற். சொந்தமில்லாத ஆள் நான் ஒருவன்தான். நான் கட்டியகாரன், அரசன் வருமுன் வந்து ‘வருகிறார், வருகிறார்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். நான் மட்டும் போய் ஆடினால் அரசன் வரவே மாட்டார்.

கிறகரி அண்ணாவியார்தான் வழி கண்டுபிடித்தார். கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர் அவர், சொன்னால் மறுபேச்சில்லை.

“செய்தி காதில விழுந்தால்தானே துக்கம்? வானுக்குள்ள ஏறினதும் எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ. ஆடி இறங்கினாப் பிறகு திறப்பம். அதுவரைக்கும் மாமா உயிரோடதான் இருக்கிறார்.”

இது சரியில்லை என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். ஆனால் அது கொட்டாவி.

புறப்படுகிற நாள் விடியக் காலமை பெனடிக்ற் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனான். துணைக்கு நானும் போனேன். மாமா கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இளைய மகன் தோமஸ் கஞ்சிக் கோப்பையோடு நின்றான். கூத்தில் ஈட்டி பிடிக்கிற காவலன் அவன்தான், இந்தமுறை வரவில்லை.

“அப்பா, நான் நிக்கட்டே?” என்றான் பெனடிக்ற்.

“நீ இஞ்ச நிண்டா நான் சாகமாட்டனோ?”

“அதில்லை…”

“இருவது வருஷமா இந்தச் சுவருக்குப் பின்னால நிண்டு டிங்கு டிங்கெண்டு அடிச்சு என்ர நித்திரையைக் கெடுத்தனி. ஒருநாளைக்கெண்டாலும் மலையில கொண்டுபோய் அடி. நான் செத்தாலும் அடிச்சு முடிச்சிட்டு வா. இடையில எழும்பி வந்து என்னை வெக்கப்படுத்தாத.”

பெனடிக்ற் சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

“இவன் ஆர், வின்சன்ட்டே? நீயும் போறியோ? அப்ப கூத்துத் தப்பாது.”

“ஓம் மாமா, தப்பாமல்தான் பாத்துக்கொள்ளுறன்,” என்றேன்.

தோமஸ் கஞ்சியை நீட்டினான். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எத்தினை நாளைக்கு இந்தக் கஞ்சி? ஒரு விளைமீன் சொதி குடிச்சிட்டுச் சாவமெண்டா அதுக்கும் வழியில்லை.”

“சோளகம் விடட்டும் அப்பா.”

“சோளகம் விட்டாப் பிறகு நான் எங்கயடா இருக்க?”

சோளகம் என்றால் இந்த மாதங்களில் தெற்கிலிருந்து அடிக்கிற காற்று. அது பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கடலில் புத்தியுள்ளவன் வள்ளத்தை இறக்கமாட்டான். விளைமீனுக்கு மாமாவின் குடும்பத்துக்கென்று ஒரு இடம் இருந்தது. கடலுக்கடியில் ஒரு சின்னக் கற்பார், மீன் கூடுகிற பாறைத்திட்டு. மாமா இளந்தாரியாக இருந்தபோது கண்டுபிடித்தது. இரண்டு மகன்மாருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் பலதடவை கேட்டிருக்கிறேன், சொல்லமாட்டார்கள். என் வாயைப் பற்றி அவர்களுக்குச் சரியான அபிப்பிராயம்தான் இருந்தது.

“போட்டு வாங்கோ அண்ணை,” என்று தோமஸ் மத்தளத்தைத் தூக்கி வந்து வானில் வைத்தான். “ஈட்டி பிடிக்க ஆரையும் பிடிக்கலாம். இதை அடிக்க ஆர் இருக்கினம்?”

அவனுடைய மனுசி பெற்றிசியா எங்கள் எல்லோருக்கும் பாணும் சம்பலும் கட்டித் தந்தாள். வான் சில்லு உருண்டதும் எல்லோரும் போனை நிப்பாட்டினோம். சாவுக்கே டிமிக்கி விட்டுவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

போன் நிப்பாட்டாத ஒரே ஆள் நூர்ஜஹான். சிலாவத்துறைப் பிள்ளை, விழாக்காரரோடு வேலை செய்பவர். எங்களைத் தேடிப் பிடித்து, பெற்றிசியா வீட்டில் ஒருநாள் சாப்பிட்டு, விழாவுக்குப் பேசி முடித்ததும் அவர்தான். எங்கள் ஒப்பந்தத்தை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கு ஒளித்து ஓடுகிறோம் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? போன் பற்றரியைச் சேமிக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

மலையில் ஒரு மடத்தில் படுத்தோம். அடுத்தநாள் விழா. அந்தக் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டும். உப்புக்காற்றில் பிறந்தவன் அங்கே போனால் தன் பல்லின் சத்தத்தைத்தான் முதலில் கேட்பான். தகரக் கிரீடம் தலையில் ஐஸ் மாதிரி இருக்கிறதென்று அரசன் அதற்குள் ஒரு துவாயை மடித்து வைத்தான். பட்டுச் சட்டைக்கு உள்ளே மந்திரி போட்டிருந்தது அவனுடைய மனுசியின் சுவெற்றர். வெள்ளைக்காரப் பெட்டைகள் எங்களைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். தப்புக் குழுவில் ஒரு கிழவர் பெனடிக்றின் மத்தளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தோலு குளிருக்கு எறங்கிப்போச்சு தம்பி, இந்தப் பக்கம் கொண்டாங்க,” என்று தங்கள் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடுகாட்டிக் கொடுத்தார். பெனடிக்ற் அவரோடு குந்தியிருந்து கதைத்தான். அப்பாவைப் பற்றித்தான் கதைத்திருப்பான்.

எங்கள் முறை மத்தியானம் என்றார்கள். றொக் பாண்ட் மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அவர்களுக்குப் பிறகு நாங்கள். சேலைத் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டு நின்றபோது நூர்ஜஹான் ஓடி வந்தார். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணாவியார், வங்காலையில இருந்து கோல். பெற்றிசியா அக்கா. சத்தத்தில ஒண்டும் விளங்கேல்ல, அழுறா. பெனடிக்ற் அண்ணனோட உடன கதைக்க வேணுமாம்.”

அண்ணாவியார் கையை உயர்த்தினார். “தெரியும் பிள்ளை.”

“தெரியுமா?”

“என்ன விஷயமெண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூத்து முடியட்டும்.”

“ஏதோ கேக்க வேணுமெண்டு சொல்றாங்க. அவசரமாம்.”

“பெட்டி வாங்கிறதைக் கேப்பினம். அடக்கம் எப்பவெண்டு கேப்பினம். எல்லாம் பிறகு சொல்லலாம்.”

நூர்ஜஹான் ஒன்றும் விளங்காமல் பெனடிக்றைப் பார்த்தார். பெனடிக்ற் மத்தளத்தைத் தோளில் மாட்டியபடி நின்றான். நாங்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம். அந்தப் போனை அவன் வாங்கியிருந்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டோம். அண்ணாவியாரும்தான்.

“முடிச்சிட்டுக் கதைக்கிறனெண்டு சொல்லுங்கோ,” என்றான். “இடையில எழும்பி வர வேண்டாமெண்டு அப்பாவே சொன்னவர்.”

நூர்ஜஹான் அதைப் போனில் உரத்துச் சொன்னார். மற்றப் பக்கம் கேட்டதோ இல்லையோ, லைன் அறுந்துவிட்டது.

நான் மேடைக்குப் போய் ‘வருகிறார்’ என்றேன். பாதி வசனம் மறந்துபோனது. அது பரவாயில்லை; அன்றைக்கு யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெனடிக்ற் அடித்த அடியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அரசன் கொலுவரும் தாளத்தைத்தான் அடித்தான். ஆனால் பிரேதத்துக்கு முன்னால் நடக்கிறவனைப் போல அடித்தான். தலை குனிந்திருந்தது, கண்ணீர் மத்தளத்தின் தோலில் சொட்டியது, அதன்மேலேயே கை விழுந்தது. எங்களுக்கும் அழுகை. அழுதுகொண்டே ஆடினோம். மலை முழுக்க மூடியிருந்த பனிப்புகார் கொஞ்சம் விலகி வெயில் வந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. றொக் பாண்டில் ட்ரம் அடிக்கிற பெடியன் மேடையோரம் வந்து, எங்கள் பாஷையும் தெரியாமல், பெனடிக்றின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தான்.

எங்கள் வாழ்க்கையிலேயே ஆக நன்றாக ஆடிய கூத்து அது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

இறங்கியதும் பெனடிக்ற் போனைத் திறந்து பெற்றிசியாவுக்கு எடுத்தான். எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டான். சாவுச் செய்தியைத் தனியே கேட்க அவனால் முடியவில்லை.

“அப்பா எப்ப…” என்று தொடங்கினான்.

“அப்பா இருக்கிறார் அத்தான்! உங்கட தம்பிதான் வரேல்லை!” பெற்றிசியா கத்தினாள். “மாமா நேற்று முழுக்க மீன், மீனெண்டு கேட்டவர். இவர் விடியக் காலமை தனிய வள்ளத்தைக் கொண்டு போனவர். காலமைச் சாப்பாட்டுக்கு வந்திடுவனெண்டு சொன்னவர். இன்னும் இல்லை. எங்க போனவர் அத்தான்? உங்கட அந்த இடம் எங்க? ஒருத்தருக்கும் தெரியாது!”

மேடையில் பைலாக்காரர் தொடங்கிவிட்டார்கள். மைதானம் முழுக்கச் சனம் துள்ளியது. பெனடிக்ற் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, முழுப் பலத்தோடு கத்தினான்.

“கோயில் கோபுரமும் போன் ரவரும் ஒரு நேரா வரவேணும்! கேக்குதோ? அப்பிடியே வெளிய போகவேணும், கரையில நிக்கிற மொட்டைப் பனை தண்ணியில தாழும் வரைக்கும்! சொல்லு, திருப்பிச் சொல்லு!”

அப்பன் மகன்மாருக்கு மட்டும் சொன்ன இடத்தை அன்று ஒரு மலையே கேட்டது. ஆனால் பெற்றிசியா திருப்பிச் சொல்லவில்லை.

“எல்லாரும் தேடிப்போட்டுத் திரும்பி வந்திட்டினம் அத்தான். வழக்கமா வலை போடுற இடமெல்லாம் பாத்தவை. மத்தியானம்வரை காற்று அடங்கித்தான் இருந்தது, அதாலதான் அப்ப எடுத்தனான். இப்ப ஏறீட்டுது. வள்ளம் இறக்க ஏலாதாம். நேவியும் நாளைக்குத்தானாம்.”

மத்தியானம் என்றால் நாங்கள் சலங்கை கட்டிக்கொண்டிருந்த நேரம்.

“நான் உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்,” என்றார் நூர்ஜஹான். “தெரியுமெண்டுதானே சொன்னீங்க…” அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். அண்ணாவியார் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு தன் சல்லாரித் தாளத்தைத் துணிப்பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

உடுப்பும் மாற்றாமல் வானில் ஏறினோம். விழாச் சனத்துக்குள்ளிருந்து வானை வெளியே எடுக்கவே இருட்டிவிட்டது. மலையிறங்கி, தம்புள்ளை, மதவாச்சி என்று இரவு முழுக்கப் பாதை போனது. வழியெல்லாம் அரசனுக்குக் கிரீடத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை; மடியிலேயே வைத்திருந்தான். ஆட்களைச் சிரிக்கவைக்கிறதுதான் நான் தெரிந்து வைத்திருக்கிற ஒரே தொழில். அன்றைக்கு அதற்கும் லீவு.

அடுத்தநாள் நாங்கள் வருமுன், வெளிச்சம் வந்ததுமே ஊர் வள்ளங்கள் பெனடிக்ற் சொன்ன குறியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தன. கோபுரமும் ரவரும் நேராக நிற்க, பனை தாழ்ந்த இடத்தில் தோமஸின் வள்ளம் பாதி தாண்டு கிடந்தது. எஞ்சின் பழுதாகியிருந்தது. காற்று இழுத்துக்கொண்டு போகாமல் அவன் நங்கூரம் போட்டிருந்தான். நங்கூரக் கயிற்றைத் தன் கையிலும் சுற்றியிருந்தான். மிதந்து கரைப்பக்கம் வந்திருந்தால் யாராவது கண்டிருப்பார்கள். அவன் அந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்திருக்கிறான். அண்ணைக்கு இந்த இடம் தெரியும், அண்ணையைக் கேட்பார்கள் என்று.

வான் ஊருக்குள் திரும்பும்போது கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

பெனடிக்ற் நேரே அப்பாவிடம் போனான். சேர்ட்டுக்கு மேலே மத்தளக்காரனின் சிவப்புச் சால்வை அப்படியே கிடந்தது. நான் வாசலில் நின்றேன். மாமா கட்டிலில் எழும்பி இருந்தார். மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆருக்கடா அடிக்கிறாங்கள்? நான் இன்னும் இருக்கிறனே,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வீட்டில் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பெற்றிசியா கரையிலிருந்து வரவில்லை. பெனடிக்ற் அப்பாவின் காலடியில் இருந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

“தோமசுக்கு, அப்பா.”

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மாமா அதை முழுக்கக் கேட்டார். பிறகு மிகச் சாதாரணமாக, ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போலச் சொன்னார்.

“நான் மீன் கேட்டனான்.”

“நான் போனை நிப்பாட்டினனான் அப்பா.”

நான் வெளியே வந்து, சவப்பெட்டிக்காரனிடம் போகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். சொந்தமில்லாதவனுக்கு அந்த வேலை சரி.

பஸ்ரியன் மாமா சாகவில்லை. அந்தக் கட்டிலிலேயே அடுத்த சோளகமும் அடித்து ஓயும்வரை கிடந்தார். ஊர் முழுக்க அவர் சாவை எதிர்பார்த்தபோது அவர் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கஞ்சியைத் தவிர வேறொன்றும் கேட்கவுமில்லை. விழாக்காரர் மறுபடியும் அழைத்தார்கள். அண்ணாவியார் நூர்ஜஹானிடம், மத்தளத்துக்கு ஆளில்லை பிள்ளை என்றார். மத்தளத்துக்கு ஆள் எங்கேயும் போகவில்லை. பெற்றிசியா வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றுவதும் அவளுடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதுமாக அவன் ஊரில்தான் இருந்தான்.

பெனடிக்ற் இப்போது போனை நிப்பாட்டுவதில்லை. பூசைக்கும் கொண்டு வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை பாதர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம், கோயிலே மூச்சுவிடாமல் இருந்தபோது, அவனுடைய போன் அடித்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் திரும்பி முறைத்தார். ஊர்ச்சனத்தில் ஒருவரும் திரும்பவில்லை. பாதர் கையை உயர்த்தியபடியே நின்றார். பெனடிக்ற் போனைக் காதில் வைத்து, அவர்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்டான். ஏதோ கொம்பனி விளம்பரம்.

“ஒண்டுமில்லை பாதர்,” என்று எழும்பி நின்று சொன்னான்.

பாதர் தலையாட்டிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.