ஐந்து மூட்டை சிமெண்டும் ஒரு பலகையும்

இப்போதெல்லாம் ஜனங்கள் எதையும் படிப்பதில்லை. எழுத்தைக் கண்டால் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள், படத்தைக் கண்டால் கும்பிடுகிறார்கள். இல்லாவிட்டால் 'இங்கே குளிக்காதே' என்று மலாயில் எழுதி நட்டு வைத்த இரும்புப் பலகைக்கு மாலை போடுவார்களா? சுங்கை பாக்கு அணைக்கட்டில் இருக்கும் அந்தப் பலகை பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. மற்ற நாட்களில் நட்ட இடத்தில் நிற்கும்.

அணைக்கட்டு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காஜாங்கைத் தாண்டி மலையடிவாரத்தில், ஆற்றுக்குக் குறுக்கே ஆள் மார்பு உயரத்தில் ஒரு சுவர், ஓரத்தில் இரும்பு மதகு, மேலே தேங்கிய பச்சைத் தண்ணீர், கீழே வெள்ளை நுரை. பார்த்தால் பிள்ளை விளையாடுகிற இடம் மாதிரி இருக்கும். ஆபத்தே அந்த நுரைதான். சுவரைத் தாண்டி விழுகிற தண்ணீர் முன்னால் ஓடாமல் திரும்பிச் சுவருக்கே வந்து சுழலும், உள்ளே விழுந்ததை வெளியே விடாது. மதகைத் திறந்து மூடும் ரெங்கசாமியின் தம்பி சபாபதி, 1998இல் தீபாவளிக்கு மறுநாள் அதற்குள் விழுந்தார். நல்ல நீச்சல்காரர். மூன்று முறை அவர் கை மேலே வந்தது, ரெங்கசாமி கரையில் நின்று மூன்று முறையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், நான்காவது முறை கை வரவில்லை. இந்தச் சுவர் இன்னொரு ஆளை எடுக்கக் கூடாது என்பதைத் தவிர ரெங்கசாமிக்கு அதன் பிறகு வேறு வேண்டுதல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் ஆளில்லாத செருப்பு ஒரு ஜோடி கிடந்தாலும், அதற்குரிய கால் வந்து சேரும்வரை வீட்டுக்குப் போகமாட்டார். நீர்ப்பாசன இலாகா கொடுத்த பலகையை நட்டவரும் அவர்தான். சிவப்பு முக்கோணம், அதற்குள் அலை, அலைக்கு மேலே ஒரு கை. அது யாருடைய கை என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

2013இல் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் சந்திரகலா, வேன் பிடித்து உறவுக்காரர் பதினாலு பேரோடு வந்து இறங்கினார். பலகையைப் பார்த்தார். விரித்த கை, சிவப்பு வண்ணம், காலடியில் ஓடுகிற ஆறு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையில் இருந்த சாமந்தி மாலையைப் போட்டார்.

ரெங்கசாமி ஓடி வந்தார். "யம்மா, அது சாமி இல்ல. ஆளு முழுகுற படம்!"

"முழுகுறவன் கைய இவ்ளோ அழகா விரிச்சிக்கிட்டா முழுகுவான்? ஆசீர்வாதம் பண்ணுதுண்ணே. நீங்க அந்தப் பக்கம் போங்க லா."

எழுத்தை மறைக்கிறது என்று அவர் மாலையை எடுப்பார், சந்திரகலா அடுத்த ஞாயிறு இன்னும் பெரிய மாலையாகக் கொண்டுவருவார். ரெங்கசாமி என்ன செய்தாலும் அது பூசையாகத்தான் முடிந்தது. நுரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று காட்ட ஒரு முழுத் தேங்காயை வீசினார், அது மத்தியானம் வரை ஒரே இடத்தில் சுற்றியது. அடுத்த வாரம் ஆளுக்கொரு தேங்காயோடு வந்தார்கள். "இந்தச் சாமிக்கு ஒடைக்கக் கூடாதாமே, முழுசா போடணுமாமே" என்று அவரிடமே விளக்கம் கேட்டார்கள். மதகு திறக்குமுன் சைரன் அடித்தால் கரையேறுவதற்குப் பதில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குறுக்கே கயிறு கட்டினார், அதில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் தொங்கியது. பலகையில் இருந்த இலாகாவின் டெலிபோன் நம்பரைக்கூட எழுதிக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரியில் வைத்தார்கள்.

பலகை நடக்கத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் லோகன் நல்ல வெயிலில் சுவர்மேல் ஏறிக் கீழே குதிக்கக் கையை நீட்டினார். கண் எதிரே பலகை நின்றது. "சாரி பாஸ், எறங்கிடுறேன் லா" என்று சொல்லி இறங்கினார். இட்டிலியும் மீ கோரேங்கும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்கள் அது திரும்பிப் போவதற்குப் பாயை மடித்து வழி விட்டார்கள், அவ்வளவுதான். அது முதல் யார் நுரைப் பக்கம் போனாலும் பலகை முன்னால் போய் நிற்கும். வேன்கள் எல்லாம் கிளம்பிய பிறகுதான் ஓய்வெடுக்கும். எல்லாரும் பார்த்ததை ரெங்கசாமி மட்டும் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து அவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு இருப்பார், அல்லது மதகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இருப்பார். குடிகாரப் பயல்கள் பிடுங்கி நடுகிறார்கள் என்று முடிவு கட்டித் திங்கட்கிழமை ஒரு மூட்டை சிமெண்டு போட்டு நட்டார். அடுத்த வருஷம் இரண்டு மூட்டை, பிறகு மூன்று, நாலு. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் சாகவில்லை. தான் கத்திக் கத்தி விரட்டிய தொண்டையால்தான் என்று அவர் நம்பினார், அதுவும் முழுப் பொய் இல்லை.

இலாகாவில் இருந்து சோதனைக்கு வரும் ஹனீன் கிள்ளான்காரி, படித்த பெண், அணையின் வரைபடம் அவள் கையில் இருக்கும். "அங்கிள், போன தடவ போர்டு அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள். யாரோ பிடுங்கியதாக அவர் சொன்னார். அவள் சிமெண்டைக் குனிந்து பார்த்துவிட்டு, படிவத்தில் பலகையின் இடம் என்ற கட்டத்தில் 'மாறும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுவருக்குக் கீழே பாறை கொட்டினால் சுழல் உடையும் என்றும் அவள் மூன்று தடவை எழுதியிருக்கிறாள். பாறை வரவில்லை.

இந்த வருஷம் தைப்பூசம் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை ரெங்கசாமி ஐந்து மூட்டை போட்டார். மறுநாள் காலையில் இருந்தே பலகை காற்றில்லாமல் ஆடியது. பகல் இரண்டு மணிக்கு மலையில் கருத்துக்கொண்டு வந்தது, ஆற்று நீர் காப்பி நிறமானது. சைரன் அடித்தார், கும்பிட்டார்கள். பலகை ஆடிய ஆட்டத்தில் மாலை கழன்று தண்ணீரில் விழுந்து நுரைக்குள் போனது. சாமி மாலையாச்சே என்று எட்டிப் பிடிக்கப் போன சந்திரகலாவின் கால் பாசியில் வழுக்கியது. ரெங்கசாமி கயிறு வீசினார், கயிற்றையும் நுரை வாங்கிக்கொண்டது. கை ஒரு முறை மேலே வந்தது. இரண்டாம் முறை வந்தபோது, "சபா!" என்று அவர் வாயில் வந்த பேர் அதுதான்.

அப்போது பின்னால் இரும்பு முறுகும் சத்தம் கேட்டது. பலகை தன் இரண்டு குழாய்க் கால்களையும் முட்டி மடக்கி இழுத்துக்கொண்டிருந்தது, ஐந்து மூட்டை சிமெண்டு விடவில்லை. ரெங்கசாமி முதல் தடவையாக அதை நேராகப் பார்த்தார். தண்ணீர்ப் பக்கம் போகாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பலகையிடம் ஓடி, தான் பூசிய சிமெண்டைத் தானே குத்தினார். எழுபத்தொரு வயசு ஆள். நாலாவது குத்தில் வெடித்தது. "போய்த் தொலை! போ!" என்று கத்தினார். ஒரு காலில் சிமெண்டுக் கட்டியோடு பலகை நொண்டி நொண்டி இறங்கி, நுரைமேல் குப்புறப் படுத்தது. மூன்றாம் முறை மேலே வந்த சந்திரகலாவின் கை அதன் குழாயைப் பிடித்தது. அரிசி மூட்டையைச் சுமக்கிற மாதிரி அவரைக் கரையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பலகை பக்கத்தில் சாய்ந்தது.

சந்திரகலா வாந்தி எடுத்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இப்பவாச்சும் பாத்தீங்களாண்ணே?"

"என்னத்தப் பாக்குறது? துருப்பிடிச்ச பைப்பு. ஒடஞ்சி உருண்டிச்சி, நீ புடிச்சிக்கிட்ட" என்றார் ரெங்கசாமி. கடப்பாரையைப் பலகைமேல் படாமல் தள்ளி வைத்தார். "இனிமே மாலைய எழுத்து மேல போடாத. கீழ எறக்கிப் போடு."

மறுநாள் ஹனீன் பிக்கப்பில் இரண்டு மூட்டை சிமெண்டோடு வந்தாள். மணலில் குழாய் பதிந்த தடம் வலது இடது என்று மாறி மாறிக் கரையில் இருந்து நீர்வரை போயிருந்தது, ரெங்கசாமி அதைக் காலால் தள்ளி மூடிக்கொண்டு இருந்தார். பிறகு குழி தோண்டிப் பலகையை இறக்கினார். மடங்கிய முட்டியை அவர் நிமிர்த்தவில்லை. சுற்றிலும் வெறும் மணலைத் தள்ளி லேசாக மிதித்தார்.

"அங்கிள், சிமெண்டு?"

"அது நனஞ்சி கட்டியாயிருச்சிம்மா."

பிக்கப்பில் இரண்டு மூட்டையும் காய்ந்துதான் கிடந்தன. ஹனீன் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், படிவத்தில் பழைய கட்டத்தில் பழையபடியே 'மாறும்' என்று எழுதினாள். ரெங்கசாமி பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். "போர்டு நடக்குதாம், போர்டு. எவனாவது குடிகாரப் பயதான் புடுங்குறான்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.