பிரிட்ஜை வைத்து எடுத்த அளவு

அண்ணனின் பெண்கள் இரண்டு பேருக்கும் நான் தைத்துக்கொண்டு போன கவுன்கள் சேராது என்பது, பையைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனேன். அங்கே பிரிட்ஜ் என் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது.

"புதுசா அண்ணி?"

"எது, பிரிட்ஜா? வாங்கி ஒரு வருஷம் ஆச்சே. பழசுல ஐஸே பிடிக்கல. கலர் மட்டும் அதே மாதிரி வேணும்னு உங்க அண்ணன் ஒரே பிடிவாதம்," என்றாள் அண்ணி.

நான் தையல்காரி. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வதே ஒரு அழகுக்குத்தான், கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவாள் என்று எங்கள் தெருவில் எனக்குப் பேர். பேர் வந்துவிட்டால் போதும், கர்வம் கூடவே வந்து காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். அண்ணி போனில் அனுப்பிய பிறந்தநாள் படத்தில் பெண்கள் இரண்டு பேரும் பிரிட்ஜ் ஓரமாக நின்றிருந்தார்கள். பழைய பிரிட்ஜ் என் மூக்கு உயரம். என் சின்னவள் சிட்டு கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டுக்குப் போய், அதன் மேலே பால் புட்டியை எத்தனை முறை வைத்து எடுத்திருப்பேன். அதையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டுத் தைத்தேன். வயதுக்குக் கொஞ்சம் குள்ளமாகத் தெரிகிறார்களே என்று தோன்றாமல் இல்லை. எங்கள் குடும்பத்தில் யார் நெட்டை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு போன் போட்டு அளவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொந்த அண்ணன் பெண்களின் உயரம் எனக்குத் தெரியாது என்று அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

வந்த வழி முழுக்க ரயிலில் நெருப்புக் காற்று. ஜன்னலோரத்துக்காகப் பையனும் சிட்டுவும் அடித்துக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்பு முடித்த பையனும் மூன்று வயதுச் சிட்டுவும் சேர்ந்தால் ஒரு பெட்டியையே இரண்டாக்கிவிடுவார்கள். எதிரே இருந்த கண்ணாடிக்காரர், "லீவுக்கு எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், பையன் ஆரம்பித்துவிட்டான்.

"மாமா வீட்டுக்கு. அங்க மாடியில எங்களுக்கு ரூம் இருக்கு. இனிமே அங்கதான் இருப்போம்."

"அப்படியா! குடுத்து வச்சவன்டா நீ."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. என் வீட்டுக்காரர் இறந்து இது இரண்டாவது கோடை. காரியத்துக்கு வந்த அண்ணன், வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ எதுக்கும் யோசிக்காத. மாடி ரூம் உனக்குத்தான். எப்ப வேணும்னாலும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துடு," என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளும் நடமாடினேன். தூங்க அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு மாமா தருவதாகச் சொன்ன மாடி ரூம்தான் கதை. ஜன்னல் எந்தப் பக்கம், தையல் மெஷின் எந்த மூலையில், யார் எங்கே படுப்பது என்று எல்லாம் பேசி முடித்திருந்தோம். கிளம்பும்போது, லீவு முடிந்ததும் அநேகமாகக் காலி செய்துவிடுவேன் என்று வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆசை யாரை விட்டது?

பையைத் திறந்து கவுன்களை எடுத்தேன். எடுக்காமல் இருக்க முடியுமா, பையன்தான் வாசலிலேயே தண்டோரா போட்டுவிட்டானே. அண்ணனின் மூத்தவள் மரியாதைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு கவுனுக்குள் நுழைந்தாள், பாதியில் நின்றுவிட்டாள். துணிக்குள்ளிருந்து, "அத்தை, மூச்சு முட்டுது," என்று சத்தம் வந்தது. இளையவளுக்கு முழங்காலைத் தொட வேண்டியது தொடையில் நின்றது.

"வேலை என்ன சுத்தம் பாரேன்," என்றாள் அண்ணி. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அளவு சொல்லியிருப்பேனே."

வளர்கிற பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி மடித்து விடுவது வழக்கம். பிறகு பிரித்துவிட்டுக்கொள்ளலாம். விட்டிருந்தேன். அதையெல்லாம் பிரித்தாலும் எட்டாது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சொன்னவன் தையல்காரனாக இருந்திருக்க மாட்டான். கடைசியில் இளையவள் கவுனைச் சிட்டு போட்டுக்கொண்டாள். அது அவள் கணுக்காலைத் தொட்டது. ராணி மாதிரி ஹாலைச் சுற்றி வந்தாள்.

"மாடிக்கு மட்டும் போகாதீங்கடா, மெஷின்ல கையை விட்டுடுவீங்க," என்றான் அண்ணன். மாடி ரூமில் நடக்கிற மெஷின் ஒன்று இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னாராம். தெருவில் நடந்தால் யார் வேண்டாம் என்றார்கள்? மெஷின் கைப்பிடியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்களுக்கு ஹாலில் மெத்தை போட்டுக்கொடுத்தார்கள். நல்ல மெத்தை, குறை சொல்ல முடியாது. அண்ணனே பேச்சை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் போனைப் பார்த்தபடி சாப்பிட்டான். பையன் தட்டைத் தொடவில்லை. எதையோ மனதுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. வாயை அடைப்பதற்குள் கேட்டுவிட்டான்.

"மாமா, அந்த மெஷினை எப்ப வெளிய எடுப்பீங்க?"

"எதுக்குடா?"

"அது எங்க ரூம்தானே?"

அண்ணன் போனைக் கீழே வைத்தான். முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் உண்மையாகவே யோசித்தான்.

"எந்த ரூம்டா? யார் சொன்னா?"

அண்ணியின் கரண்டி பாத்திரத்துக்கு மேலே நின்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அண்ணனுக்கு ஞாபகமே இல்லை. சாவு வீட்டு வாசலில் அழுதுகொண்டே ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, ரயில் ஏறும்போதே இறக்கி வைத்துவிட்டான். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

"இவன் எதையாவது உளறுவான்ணா. கனவு கண்டிருப்பான்," என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

"நீதானேம்மா சொன்ன?"

மேஜைக்கு அடியில் அவன் தொடையைக் கிள்ளினேன். கொஞ்சம் பலமாகவே கிள்ளிவிட்டேன். அவன் கத்தவில்லை. என்னையே பார்த்தான், பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

"சரியான கற்பனைக்காரன்," என்று அண்ணன் சிரித்தான். "லீவுக்கு வந்தா இந்த ஹாலே உன்னுதுதான்டா." அண்ணி எனக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கை மட்டும்தான் இருந்தது. தொங்கிப்போன திரைச்சீலையைத் தைத்தேன், அண்ணன் சட்டைகளுக்குப் பட்டன் வைத்தேன், தலையணை உறைகளை ஓரம் அடித்தேன். காலையில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். பெண்களுக்கு நீச்சல் வகுப்பு, டிராயிங் வகுப்பு. லீவு என்று பேர்தான். சாயங்காலம் திரும்பி வந்ததும் கதவை மூடிக்கொள்வார்கள். கெட்டவர்கள் இல்லை, பழகவில்லை, அவ்வளவுதான். மாடியில் அண்ணன் நடக்கும்போது கீழே என் தலைக்கு மேல் தம் தம் என்று கேட்கும். ஒரு வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்க, என் வீட்டுக்காரர் போன நாளில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்காவது மாடி ரூம் இருந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான்காம் நாள் பையைக் கட்டினேன்.

"ஏன், லீவு இன்னும் நிறைய இருக்கே?" என்றான் அண்ணன்.

"தைக்கக் குடுத்தவங்க நச்சரிக்கிறாங்கண்ணா."

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

மனசாரத்தான் சொன்னான். நான் எத்தனை நாளுக்காக வந்தேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

கிளம்பும் நேரத்தில் மூத்தவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "அத்தை, என் அளவு எடுத்துக்கோங்க," என்று முதுகை நேராக்கி நின்றாள். டேப்பை எடுத்தேன். தோள், மார்பு, இடுப்பு, நீளம். அவள் தலைமுடியில் நீச்சல் குளத்து மருந்து வாசனை அடித்தது. அந்த நான்கு நாளில் அந்த வீட்டுப் பிள்ளை என் கைக்குள் நின்றது அப்போதுதான். வேண்டுமென்றே நீளத்தை இன்னொரு தரம் அளந்தேன்.

"அடுத்த தடவை வரும்போது இன்னும் வளந்திருப்பேனே அத்தை?"

"பெருசாவே தைக்கிறேன்டி கண்ணு."

ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்தான். பிள்ளைகள் கையில் பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திணித்தான். ரயில் நகர்ந்ததும் கையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கும், அவனுக்கு இளகிய மனசு. அதை நம்பித்தானே வந்தேன்.

சிட்டு நீளக் கவுனோடு என் மடியில் தூங்கிப்போனாள். பையன் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடவில்லை. இடம் தானாகக் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. அந்த மத்தியானத்திலிருந்து அவன் என்னிடம் வேண்டியதைத் தவிர எதுவும் பேசியிருக்கவில்லை.

"அம்மா."

"ம்."

"நான் உளறலைல?"

"இல்லடா ராஜா. நீ உளறல. நான்தான் சொன்னேன். அன்னிக்குச் சாப்பிடும்போது அம்மாதான் பொய் சொல்லிட்டேன்."

அவன் கொஞ்சம் நகர்ந்து என்மேல் சாய்ந்தான். கிள்ளிய இடத்தைத் தடவிக்கொடுத்தேன்.

"அப்ப மாமாதான் மறந்துட்டாரா?"

"ஆமா. மறந்துட்டாரு."

"அவ்வளவுதானா?" என்று நிமிர்ந்தான். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "மறந்துதானே போயிட்டாரு? போன் பண்ணி ஞாபகப்படுத்தும்மா."

போன் என் கையில்தான் இருந்தது.

"ஊருக்குப் போய்ப் பண்ணலாம்," என்றேன்.

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

சரி என்று என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். இந்தத் தடவையும் நம்பிவிட்டான்.