மூன்றாவது சீட்டு

'டமார்' என்ற சத்தத்தில் நாதஸ்வரமே ஒரு கணம் நின்றுவிட்டது.

கல்யாண மண்டபத்தின் ஏற்பாடுகளைக் கவனிக்கும் லூர்துராணி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். லிஃப்ட் கதவு பாதி திறந்தபடி நின்றது. உள்ளே இருட்டு. கதவுக்கு முன்னால் சக்கர நாற்காலியில், பட்டு வேட்டியுடன், மணப்பெண்ணின் அப்பா அன்புச்செல்வன். தொட்டியத்தில் வாழை போடுகிறவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

மணவறை மாடியில் இருந்தது. முகூர்த்தம் ஒன்பதரையோடு முடிகிறது. மணி இப்போது எட்டு நாற்பது.

"நாலு பசங்களைக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் மண்டப மேனேஜர் மாதவன்.

"தூக்கிட்டுப் போக நான் என்ன வாழைத்தாரா?" அன்புச்செல்வனுக்கு வாய் கோணினாலும் சொல் கோணவில்லை. "என் பொண்ணைத் தாரை வார்க்கிற இடத்துக்கு நானாத்தான் போவேன். இல்லன்னா இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

மொட்டை மாடியிலிருந்து எலக்ட்ரீஷியன் செபஸ்தியான் இறங்கி வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"லிஃப்ட் சர்வீஸுக்கு பிரேக்கைக் கழட்டிட்டோம் சார். அந்தச் சத்தம் அதுதான். திரும்ப மாட்ட ரெண்டு மணி நேரம் ஆகும். ஏன், கல்யாணம் கீழதானே?" சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைச் சீட்டை எடுத்து நீட்டினான். "என் சீட்டுல அப்படித்தான் இருக்கு."

"அது பழைய சீட்டு. கல்யாணம் மாடிக்கு, சாப்பாடு கீழேன்னு மாத்தியாச்சு. ரோஸ் சீட்டுல நீ கையெழுத்தே போட்டிருக்கியேப்பா" என்றார் மாதவன். "இதுக்குக் காரணமான ஆள் இன்னைக்கே வீட்டுக்குப் போயிடணும். யாரா இருந்தாலும் சரி."

லூர்துராணி சீட்டுகள் செருகிய அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

திருவானைக்காவலில் இருந்த அந்த மண்டபத்தில் வேலைச் சீட்டு முறையைக் கொண்டுவந்தவளே அவள்தான். முதலில் வெள்ளை, மாற்றம் வந்தால் ரோஸ், மறுபடி வந்தால் பச்சை. சமையல், மேடை, மின்சாரம் என்று ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் கையெழுத்துப் போடாமல் ஒரு நாற்காலிகூட நகரக் கூடாது. முந்தாநாள் ரோஸ் சீட்டு எழுதியபோது செபஸ்தியான் லீவில் வேளாங்கண்ணி போயிருந்தான். மாலைக்குள் எல்லாக் கையெழுத்தும் வேண்டும் என்று மாதவன் நெருக்கினார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் இடத்தில் இவளே ஒரு சுழி சுழித்துவிட்டாள். அவனுக்கான பிரதி இன்னும் இவள் மேஜை டிராயரில் கிடந்தது.

"சார், விசாரணை அப்புறம். அவர் மேல போக முடியலன்னா கல்யாணம் கீழ வரட்டும்" என்று செபஸ்தியான் வாய் திறப்பதற்குள் சொன்னாள்.

பச்சைச் சீட்டை எழுதி, அட்டையில் ரோஸ் சீட்டின் மேலேயே செருகிக்கொண்டு ஓடினாள்.

சமையல்கட்டில் பீமராவ் சீட்டைப் படித்துவிட்டு முறைத்தார். "பந்தியில எண்பது பேர் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. எழுந்திரிங்கன்னு நான் போய்ச் சொல்லணுமா?"

"அவங்க சாப்பிடட்டும். அடுத்த பந்தியைத் தோட்டத்துல போடுங்கண்ணே."

"போடறேன். காக்கா வந்தா நீங்கதான் விரட்டணும்." கையெழுத்து விழுந்தது.

மேடைக்காரர் ஜெகபர் அலி மணவறையை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு நாள் கட்டினது ராணிம்மா. இதை இறக்கணும்னா மண்டபத்தையே சாய்க்கணும். மணை, நாலு வாழை மரம், கொஞ்சம் பூச்சரம் போதுமா?"

"தாராளமாப் போதும் பாய்."

"அப்ப இருபது நிமிஷம்."

மிச்சம் மின்சாரம். செபஸ்தியான் ஏற்கெனவே ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். வாயால் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவன் இப்போது கையெழுத்துப் போட்டால், இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே அவள் போட்டது போலி என்று தெரிந்துவிடும்.

அட்டையை நீட்டினாள்.

பச்சைச் சீட்டைப் படித்தவன், அதைத் தூக்கி அடியிலிருந்த ரோஸ் சீட்டையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பேனாவை வாங்கினான். பெயரைச் சின்னப் பிள்ளை போல முழுசாக எழுதி, அடியில் கோடு இழுப்பது அவன் வழக்கம். இன்று கோடும் இல்லை, பெயரும் இல்லை. ஒரே ஒரு சுழி.

அவள் போட்டிருந்த அதே சுழி.

கேட்க நேரமில்லை. மேஜைகள் பறந்தன. வாழை மரங்கள் படியிறங்கின. ஸ்பீக்கர் ஒருமுறை வீலென்று கத்தி அடங்கியது. ஒன்பது இருபத்திரண்டுக்கு அன்புச்செல்வன் தானே இடது கையால் சக்கரத்தை உருட்டி, இடது காலால் தரையை உந்திக்கொண்டு மணைக்கு அருகே வந்தார். மகள் யாழினியின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். கெட்டி மேளம் முழங்கியது.

தூணோரம் நின்ற செபஸ்தியானிடம் போனாள். "ஏன் அப்படிப் போட்டீங்க?"

"சீட்டு வர்றதுக்கு முன்னாடி இங்க எது நின்னாலும் கரண்ட்டுக்காரன் தலைதான் உருளும் மேடம். இப்ப நாலு வருஷமா நிம்மதியா இருக்கேன். நீங்க போயிட்டா சீட்டும் போயிடும்."

"உங்க வேலை?"

"வேற மண்டபம் இல்லாமயா போச்சு?" சிரித்தான். கண் சிரிக்கவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைகள் இரண்டு.

பதினோரு மணிக்கு மாதவன் இருவரையும் அறைக்கு அழைத்தார். இரண்டு சீட்டுகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து. முந்தாநாளே பார்த்துட்டு மறந்திருக்க. அப்படித்தானே?"

"ஆமா சார், மறந்துட்டேன்" என்றான் செபஸ்தியான்.

மாதவன் பேனாவின் மூடியைக் கழற்றினார். லூர்துராணி தன் கோப்பைத் திறந்து, கடைசித் தாளை உருவி, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் வைத்தாள். அதன் அடியில் பெயர் முழுசாக இருந்தது. கோடும் இருந்தது.

"இது அவரோட லீவ் லெட்டர் சார். முந்தாநாள் அவர் ஊர்லயே இல்ல. ரோஸ் சீட்டுல அந்தச் சுழியைப் போட்டது நான்."