அறுபது பெஞ்சும் ஓர் ஆளும்

"எனக்கு ஒருத்தனுக்கோசரம் யுனிவர்சிட்டியே கால் கடுக்க நின்னுச்சு, தெரியுமா? அறுவது பெஞ்சு. நடுவுல நான் ஒருத்தன். சுத்தி ஆறு வாத்தியாருங்க, வாசல்ல ரெண்டு போலீசு!"

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், முத்துவேலின் டீக்கடையில், மூட்டை தூக்கும் சாமுவேல் இதைச் சொன்ன முதல் நாள் எழுந்த சிரிப்பில் ஏரிக் கொக்குகளெல்லாம் மிரண்டு செங்கல்பட்டுப் பக்கம் பறந்துபோயின. மூன்றாம் நாள் வாத்தியார்கள் ஒன்பதானார்கள். ஆறாம் நாள் கலெக்டரே வந்து விசிறினார். சொல்லச் சொல்ல ஊர் நம்பத் தொடங்கிவிட்டது. உரக்கடை ராஜாராம் ஒருவர்தான் அசையவில்லை.

"கத வுடாதடா. ஒத்த ஆளுக்குப் பரீட்ச வைக்க அவனுங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"சத்தியமா மொதலாளி!"

போலீசும் கலெக்டரும் பொய். பெஞ்சுகள் நிஜம்.

சர்க்கார் பி.யு.சி.யை ஒழித்து, பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் டூ கொண்டுவந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பழைய படிப்பில் தோற்றவர்களுக்கு இதுதான் கடைசித் தடவை. இதற்கப்புறம் பாஸாக ஆசைப்பட்டாலும் பாஸாக ஒரு படிப்பு இருக்காது. சாமுவேலுக்கு பாக்கி இயற்பியல் ஒன்றுதான். ஒன்பது தடவை எழுதியாயிற்று. பகலெல்லாம் ராஜாராம் கடையில் யூரியா மூட்டை இறக்கிவிட்டு, உப்புப் பூத்த சட்டையோடு லென்சையும் ஒளிவிலகலையும் படித்துப் படித்து, இப்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்தாலே அவனுக்கு இடுப்பு வலித்தது. பாஸானால் தபால் வழியில் பி.ஏ. இல்லாவிட்டால் சாகும்வரை மூட்டை.

காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் அன்று எழுதவேண்டியவர்கள் இரண்டே பேர். மற்றவன் வரவில்லை. வாசலில் நின்று அவன் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வினாத்தாள் உறையின் அரக்கு முத்திரை உடையவில்லை என்று இரண்டு மாணவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பிரிக்கலாம் என்பது விதி. "நானே ரெண்டு கையாலயும் போடறேன் சார்" என்றான் சாமுவேல். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு யுனிவர்சிட்டிக்கு டிரங்க் கால் போட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, பிரிக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. வராதவன் தானாகவேதான் வரவில்லை என்று பத்து நாளுக்குள் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் சாமுவேலின் விடைத்தாளைத் திருத்தமாட்டார்கள். பரீட்சை முடிந்ததும் மேற்பார்வையாளர் அந்த இன்னொருவன் பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

ராஜாராம், உத்திரமேரூர்.

உரக்கடைப் பலகையில் தன் பேருக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு 'பி.யு.சி.' என்று எழுதி வைத்திருக்கும் அதே ராஜாராம். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். அந்த மூன்றெழுத்தைப் பார்த்துத்தான் கூரம் கிராமத்து மாமனார் பெண்ணையே கொடுத்தார்.

எழுதிக் கொடுங்கள் என்று நேரில் கேட்டால் மறுநாள் மூட்டை வேலையும் கிடையாது. அவராகவே மனமிறங்கட்டும் என்றுதான் தினமும் அவர் காதில் விழும்படி இத்தனை கலெக்டர்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் முத்துவேல் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இன்னிக்கு யாருடா, கவர்னரா?"

சாமுவேலுக்கு அலுத்துவிட்டது. பொய்க்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

"யாரும் இல்லண்ணே. நான் மட்டுந்தான். அந்த அரக்கப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்தேன். அந்தாளு நம்பர மூணு தபா கூப்டாங்க. நாளையோட கெடு முடியுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த ராஜாராம் டீ கிளாசை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு இல்லடா" என்றார். "நாலு."

சாமுவேல் திரும்பிப் பார்த்தான்.

"நாலாவது தபா கூப்டப்ப நான் ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தேன். பேனால மை கூட ஊத்திக்கினுதான் வந்தேன். உள்ள பாத்தா நீ குந்திக்கினு கீற. என் கடையில மூட்ட தூக்கறவன். உன் பக்கத்துல பெயிலான ஆளா எப்படிடா வந்து குந்துவேன்?"

காஞ்சிபுரம் பஸ் வந்து, புழுதி அடங்கி, புறப்பட்டும் போயிற்று.

"அவன் சொல்றது நடந்துச்சு முத்துவேலு" என்றார் ராஜாராம், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, பெஞ்சில் சிந்தியிருந்த டீயைத் தோள் துண்டால் துடைக்க ஆரம்பித்தார், ஒரு காகிதம் வைத்து எழுதுகிற அளவுக்கு.