ஒன்பதாவது கட்டம்

மதியம் ஒரு மணிக்குக் கிளை அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த அரைமணி நேரத்தைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். நோட்டில் பத்துப் படிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருந்தேன். மாலை வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா, வீடு கட்டப் போறியா?" என்றான்.

மூன்று வருடமாக நான் தலைமை அலுவலகத்தின் ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். பாஸ்வேர்டை மறந்தவர்கள், காகிதம் சிக்கிய பிரிண்டர்கள். சர்வர் அறையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. கிளையின் சர்வரில் வெளியாட்கள் நுழையக்கூடிய ஓர் ஓட்டையை அடைக்க, பயர்வால் விதிகளைத் தனியாக மாற்றிக் காட்டினால் அந்த இடம் எனக்கு என்று மேடம் சொல்லியிருந்தார். எங்கள் தலைமைப் பொறியாளர். அதிகம் பேசமாட்டார், நோட்டைத்தான் பார்ப்பார்.

தொலைவிலிருக்கும் சர்வரில் ஒரு விதி தப்பானாலும், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட கதைதான். அதனால் மாற்றுவதற்கு முன், இருபது நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி ஒரு கட்டளை வைத்துவிடுவோம். எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்ய வேண்டும். அதுதான் ஒன்பதாவது படி. பத்தாவது, மேடத்துக்குத் தெரிவிப்பது.

எட்டாவது படி முடிந்தபோது 1:12. நம்பாமல் வெளியேறி மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். வேலை செய்தது. மூன்றாம் முறையும். "முடிந்தது" என்று மேடத்துக்கு அனுப்பி, பத்தாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்ததால் போனோடு மாடிப்படிக்குப் போனேன். வகுப்புக்காரன் எடுக்கவில்லை. போனில் நூற்றுக்கு மேல் எண்கள் இருந்தன. பாதிப் பேர் பிரிண்டர் கோளாறுக்காகச் சேர்ந்தவர்கள். கடைசியில் அக்கா.

"அப்ப இனிமே பிரிண்டர் ரிப்பேர் பண்ண மாட்டியா? நம்ம வீட்டுது ஒரு மாசமா படுத்துக் கிடக்குடா."

பயர்வால் என்றால் என்னவென்று விளக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் 'ம்' கொட்டினாள். பிறகு, "சந்தோஷம்டா. சாப்டியா?" என்றாள். பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து நோட்டை மூடப்போனபோதுதான் பார்த்தேன். ஒன்பதாவது கட்டம் காலியாக இருந்தது. மணி 1:24. கட்டளை 1:20க்கே ஓடி முடிந்து, நான் அடைத்த ஓட்டை மறுபடி திறந்து கிடந்தது.

திரும்ப மாற்ற இரண்டே நிமிடம்தான் பிடித்தது. கிளையில் இன்னும் யாரும் திரும்பவில்லை. யாருக்கும் தெரியாது. எந்நேரமும் என்னோடு இருக்கிற அந்த 'யாரும் இல்லை' அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்கு உதவ வந்து நின்றது.

இதற்குள் பக்கத்து மேசைக்காரர் என் நாற்காலியை உருட்டிப்போய் சர்வர் அறை வாசலில் நிறுத்தியிருந்தார். "சார் இனிமே ஏசி ரூம் ஆளு. எங்களையும் ஞாபகம் வச்சுக்குங்க சார்."

மேடம் வந்து நோட்டுக்குக் கை நீட்டினார்.

கட்டத்தில் ஒரு டிக்குக்கு மட்டுமே இடம் இருந்தது. "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓரத்தில் எழுதினேன்: ரத்து செய்ய மறந்தேன். 1:20 முதல் 1:26 வரை பழைய விதிகள்.

மேடம் படித்தார். பக்கத்தைத் திருப்பவில்லை.

"யார் கண்டுபிடிச்சா?"

"நான்தான் மேடம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

நோட்டோடு உள்ளே போனார். என் நாற்காலி குறுக்கே நின்றதால் கதவு முழுதாக மூடிக்கொள்ளவில்லை. அந்த இடுக்கு வழியாக சர்வர் அறையின் குளிர் என் கால்வரை வந்துகொண்டிருந்தது.